பட்டறைக்குப் போகிற பிள்ளை, வீட்டில் இருக்கிற நாம்: கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கம் 26 வருடம் வெல்டிங் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தொழிற்பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோர் சிலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. பிள்ளைகளின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: சேர், மகன் ஓ.எல். கணக்கில் இரண்டு தரமும் சித்தியடையவில்லை. பாடசாலையிலேயே தொழிற்பாடப் பிரிவில் சேர்த்திருக்கிறோம். சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நீங்கள் அவர்களுக்குச் சொல்லும் பதிலை மகன் உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான், தங்கச்சி. "சும்மா வீட்டில் கிடக்காமல் போய்வரட்டும் என்று விட்டிருக்கிறோம்" என்று ஒரு தாய் என் முன்னாலேயே சொன்னார். பையன் பக்கத்தில்தான் நின்றான். அடுத்த வாரத்தோடு வரவை நிறுத்திவிட்டான். பிறகு நான் வீடு தேடிப் போய்த்தான் கூட்டி வந்தேன்.

13 வருட உத்தரவாதக் கல்வியை 2017இல் தொடங்கியதே ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் பிள்ளை 13ஆம் தரம் வரை படிக்கட்டும் என்றுதான். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள் இருக்கின்றன. 4 எடுத்தவன் முழுத் தொழிலாளி. 5, 6 டிப்ளோமா; 7 பட்டம். தொழிற்கல்விக்கென்றே இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. சொந்தக்காரருக்கு இதில் எதையும் விளக்கத் தேவையில்லை. "மோட்டார் மெக்கானிக் படிக்கிறான்" என்று தொழிலின் பெயரைச் சொல்லுங்கள், போதும். கணக்கைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதலாம். அளவெடுத்துப் பழகிய கைக்கு அது முன்போல் பயமாக இருக்காது.

கிண்ணியாவிலிருந்து ஒரு தந்தை: தனியார் நிலையம் ஒன்றின் நோட்டீஸில் "அரசாங்கப் பதிவு பெற்றது" என்று இருக்கிறது. காசு கட்டலாமா?

கொஞ்சம் பொறுங்கள் நானா. நிலையம் பதிவு செய்யப்பட்டிருப்பது ஒன்று, அந்தப் பாடநெறி தரஅங்கீகாரம் பெற்றிருப்பது இன்னொன்று. இரண்டையும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் கொடுக்கிறது. ஆனால் பதிவு மட்டும் இருந்தால் பிள்ளைக்கு என்.வி.கியூ. சான்றிதழ் வராது, நிலையத்தின் சொந்தச் சான்றிதழ்தான் வரும். என் மருமகன் ஒருவன் இப்படித்தான் ஒரு வருடத்தையும் காசையும் விட்டான். அலங்காரமான சான்றிதழ்தான், சுவரில் மாட்டலாம். "இந்தப் பாடநெறிக்கு, இந்த மட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எந்தத் திகதி வரை?" என்று கேட்டுக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா என்கிற பயிலுனர் பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றில் என்ன பாடநெறி இருக்கிறது என்றும் முதலில் விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டால் வழி காட்டுவார்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய்: "இன்றைக்கு என்ன படிச்சாய்?" என்றால் "ஒன்றுமில்லை" என்கிறான். வேறு பேச்சே இல்லை.

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். பத்து வருடம் "என்ன படிச்சாய், எத்தனை மார்க்ஸ்" என்று கேட்டு அடிவாங்கிய பிள்ளைக்கு அந்தக் கேள்வியே வயிற்றைக் கலக்கும். "இன்றைக்கு எதைக் கழற்றினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கை செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கும்.

பயிற்சியில் ஒரு பதிவுப் புத்தகம் கொடுப்பார்கள். செய்த வேலை, திகதி, போதனாசிரியரின் கையொப்பம் எல்லாம் அதில் இருக்கும். கடைசி மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் அதையும் பார்ப்பார்கள். அங்கே புள்ளிகள் கிடையாது. அந்த வேலையைத் தேர்ச்சியோடு செய்கிறானா, இன்னும் இல்லையா என்பதுதான் கணக்கு. ஆகவே மாதம் ஒருமுறை புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். விளங்காவிட்டாலும் பரவாயில்லை. "இது என்ன?" என்று கேளுங்கள், அவன் விளக்கட்டும். தாய்க்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது என்பது அந்த வயதில் பெரிய விஷயம். பக்கங்கள் வெறுமையாக இருந்தால் அவனிடம் சத்தம் போடாமல், போதனாசிரியரைப் போய்ப் பாருங்கள். பாடசாலைக் கூட்டத்துக்கு ஓடி வருகிற பெற்றோர் பட்டறைப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை. 26 வருடத்தில் தானாக என்னைத் தேடி வந்த தகப்பன்மாரைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

இன்னொன்று. மூன்று மாதம் கரண்ட் வேலை படித்தவனிடம் வீட்டு வயரிங்கைக் கொடுத்து "செய் பார்ப்போம்" என்று சோதிக்க வேண்டாம். கதவுப் பிணைச்சல், சைக்கிள் பிரேக், ஒழுகும் பைப் என்று தொடங்கட்டும்.

குச்சவெளியிலிருந்து ஒரு மீனவர்: மகனுக்கு 16. மீன் பாடு நல்லாக இருக்கும் நாட்களில் கடலுக்குக் கூட்டிப்போனால் அவனுக்கும் நாலு காசு வருமே?

வருமானம் தேவை என்பது விளங்குகிறது தம்பி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டறையில் தவறவிட்ட நாளை ராத்திரிக் கொப்பி பார்த்து ஈடுகட்ட முடியாது. வருகை குறைந்தால் மதிப்பீட்டுக்கே பெயர் போகாது. வயதையும் பாருங்கள்: 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 16 ஆக்கப்பட்டது, ஆபத்தான தொழில்களுக்கு 18. சனி, ஞாயிறில் வலை பொத்தவும் கரையில் உதவவும் விடுங்கள், வாரநாளைத் தொடாதீர்கள். படகின் வெளியிணைப்பு இயந்திரம் பழுதுபார்க்கப் படித்தால் உங்கள் கரையிலேயே அவனுக்கு வேலை கிடக்கிறது.

மூதூரிலிருந்து ஒரு சித்தி: அக்கா வெளிநாட்டில், அவவின் மகளை நான்தான் பார்க்கிறேன். வாகனம் திருத்தப் படிக்கப் போகிறாளாம். பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவருமா?

சரிவரும். என்ஜினுக்கு ஆண் பெண் தெரியாது. ஆனால் உங்கள் பயம் எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு நாள் அவளோடு போய், வேறு பெண் பிள்ளைகள் படிக்கிறார்களா, உடை மாற்ற இடம், கழிவறை எப்படி, எத்தனை மணிக்கு விடுகிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால், மிச்சம் இருப்பது ஊர்வாய் மட்டும்தான். அதற்கு நான் மருந்து சொல்ல முடியாது. பயணத்தைக் காரணம் காட்ட வேண்டாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை 'பாதை' என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்று, மழையில் நனைந்து என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதை பிந்தினால் நானும் பிந்தித்தான் தொடங்குவேன்.

நிலாவெளியிலிருந்து ஒரு தந்தை: ஹோட்டலில் வேலைத்தளப் பயிற்சிக்குப் போட்டார்கள். கூட்டிப் பெருக்க மட்டும் விடுகிறார்களாம். போய்ச் சண்டை பிடிக்கவா?

வேண்டாம். முதல் இரண்டு வாரம் பெருக்குவது எந்த இடத்திலும் நடக்கும், நானும் பெருக்கியவன்தான். அதற்குப் பிறகும் அதே வேலை என்றால் பதிவுப் புத்தகத்தோடு போதனாசிரியரிடம் போங்கள். முகாமையாளரோடு பேசுவது அவருடைய வேலை. தகப்பன் போய்ச் சத்தம் போட்டால் பிள்ளைக்குத்தான் அங்கே முகம் கொடுக்க முடியாமல் போகும். நம் கரையில் வெள்ளைக்காரர் வருகிற காலம் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான். மாரியில் அனுப்பினால் ஆளில்லாத ஹோட்டலில் பெருக்குவதைத் தவிர என்ன வேலை இருக்கும்? பயிற்சித் திகதியை அதற்கேற்ப மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

நகரிலிருந்து ஒரு தாய்: மகள் விசேட கல்விப் பிரிவில் இருந்தவள், மெதுவாகத்தான் விளங்கும். தையல் பயிற்சியில் சேர்த்தோம். முழுதாக முடிப்பாளா?

முடிக்கலாம், கூடுதல் காலம் எடுக்கலாம். பாடநெறி அலகு அலகாகப் பிரிந்திருக்கிறது. சில அலகுகளில் மட்டும் தேறினாலும் அதற்கென்று ஒரு பெறுபேற்றுப் பதிவு கொடுப்பார்கள், அந்த உழைப்பு வீண் போகாது. போதனாசிரியரிடம் முதல் நாளே சொல்லுங்கள். மறைத்தால் "கவனமில்லாத பிள்ளை" என்று நினைத்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லச் சொல்லுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். வீட்டிலும் அதே ஒழுங்கில் பழக்குங்கள். மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்களா என்பதை மட்டும் அடிக்கடி விசாரியுங்கள். நான் கண்டவரை, இப்படிப்பட்ட பிள்ளைகள் விட்டுப் போனது வேலை கடினமாக இருந்ததால் அல்ல.

சீனன்குடாவிலிருந்து ஒரு தந்தை: இரவு ஒரு மணி வரை போன். காலையில் எழும்புகிறான் இல்லை.

நித்திரைக் கண்ணோடு கிரைண்டர் பிடித்தால் விரல் போகும். இதை நீங்கள் சொன்னால் கேட்கமாட்டான். போதனாசிரியரைச் சொல்லச் சொல்லுங்கள். போன் இரவில் உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும், உங்கள் போனும்தான்.

பாலையூற்றிலிருந்து ஒரு அப்பம்மா: பேரன் உடுப்பெல்லாம் கிறீஸ் கறையோடு வருகிறான். எப்படித் தோய்த்தாலும் போகுதில்லை, தம்பி.

தண்ணீர் படுவதற்கு முன்னமே கோப்பை கழுவும் திரவத்தைக் கறையில் ஊற்றித் தேய்த்து அரை மணி நேரம் விடுங்கள், பிறகு சுடுதண்ணீர். மற்ற உடுப்போடு சேர்க்க வேண்டாம். பெற்றோல் போட்டுக் கழுவச் சிலர் சொல்வார்கள், அடுப்புப் பக்கம் அந்த விளையாட்டே வேண்டாம். முறையை ஒருதரம் செய்து காட்டுங்கள் அம்மா, அடுத்த தரத்திலிருந்து அவனே தோய்க்கட்டும்.