வாசகர் கேள்வி-பதில்: டர்பனில் கார் இல்லாமல் காலம் தள்ள முடியுமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் மகளோடு தங்க, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருகிறேன், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும், மகளின் ஓய்வு நேரத்தைப் பார்த்துக் காத்திருக்கப் பழகினால். நகர மையத்தை ஒட்டிய மேகசின் பாரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்து வேலைக்கு நடந்தே போய்வந்த, இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள், 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் 1960களில் தென்மேற்கே, மேடும் பள்ளமுமான சாட்ஸ்வொர்த்துக்கு அகற்றப்பட்டார்கள். அன்று விழுந்த தொலைவைத்தான் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் பெட்ரோல் செலவழித்துக் கடக்கிறார்கள். மினிபஸ் டாக்சி (பலர் சேர்ந்து போகும் சிறு வேன்) உண்டு. அதற்குக் கால அட்டவணை கிடையாது. நிலையத்தில் ஆள் நிரம்பிய பிறகே கிளம்பும், இறங்க வேண்டிய இடத்தை நீங்களே உரக்கச் சொல்ல வேண்டும் (கூச்சப்பட்டால் வீட்டைத் தாண்டிவிடும்). இறங்கிய பின் காய்கறிப் பையுடன் மேடேற முழங்கால் ஒத்துழைக்குமா என்பதையும், இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா என்பதையும் மகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.