ஆய்வு உதவியாளர்கள் எட்டாம் மாதமே போய்விடுவது ஏன்?

கேள்வி: கொட்டியாரக் குடாவின் நீர்த்தரம் பற்றி மூன்று வருட ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்துகிறேன். சேருகிற பட்டதாரிகள் எட்டு, பத்து மாதத்தில் விலகிவிடுகிறார்கள். சம்பளத்தைக் கூட்ட வழியில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருகோணமலை

பதில்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் உங்களுக்குப் போட்டியில்லை, ஆசிரியர் நியமனமும் போட்டிதான். பென்சனுள்ள வேலை வந்தால் ‘போ பிள்ளை’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அதில் கோபிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்தத்தை ஆறாறு மாதமாக நீட்டினால், வேறு வேலை தேடச் சொல்லி நாமே கடிதம் கொடுத்த மாதிரி. தகுதிகாண் காலம் முடிந்ததும் திட்டத்தின் கடைசி நாள்வரை எழுதிக் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் முதல் மாதத்திலிருந்தே கட்டுங்கள். சம்பளத்தை ‘உதவித்தொகை’ என்று பெயர் மாற்றித் தப்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

சரி, சம்பளம் கூடாவிட்டாலும் பட்டம் கூடலாம். திட்டத்து வேலையையே எம்.பில். ஆய்வாகப் பதிவு செய்யவைத்து, கட்டணத்தை வரவுசெலவில் சேருங்கள். அவருக்கென்று ஒரு கேள்வியையும் கொடுங்கள்: மகாவலி குடாவில் விழும் இடத்தில் மழைக்கு முன்னும் பின்னும் நைத்திரேற்று எப்படி மாறுகிறது என்பது போல. கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்பதையும் அப்போதே எழுதி வைத்துவிடுங்கள். நான் உதவியாளனாக இருந்தபோது இரண்டு வருடம் போத்தலில் தண்ணீர் மொண்டு, பென்சிலால் லேபல் எழுதினேன் (பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்). கட்டுரை வந்தது. என் பெயர் நன்றியுரையில் இருந்தது, அதுவும் எழுத்துப்பிழையோடு. அடுத்த மாதமே விலகிவிட்டேன்.

வாடைக் காற்றில் படகு இறக்க முடியாத நாட்களில் சும்மா உட்காரவைக்காதீர்கள். தரவுகளை அலசவும் எழுதவும் அதுதான் காலம்.

பெண் பிள்ளைகள் விலகுவதற்கு ஆர்வமின்மை காரணமென்று நினைத்துவிட வேண்டாம். விடியற்காலையில் படகுத்துறைக்கு யார் கூட்டிப்போவது, ஆறேழு மணிநேரம் கடலில் நின்றால் கழிப்பறைக்கு என்ன வழி? வேலை விளம்பரத்தில் யாரும் இதை எழுதுவதில்லை. வாகனம் ஒழுங்குசெய்யுங்கள், கூட இன்னொரு பெண்ணையும் அனுப்புங்கள், கரையருகே மாதிரி எடுக்கும் இடங்களைப் பிரித்து, நடுவில் ஒருமுறை கரைக்கு வாருங்கள்.

ஆட்களைப் பட்டமளிப்புக்குப் பிறகு தேடுவதும் தாமதம்தான். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுக்கு உங்கள் லாபில் இடம் கொடுங்கள். வேலை பிடிக்குமா, கடல் ஒத்துக்கொள்ளுமா என்பது இருபக்கமும் தெரிந்துவிடும்.

அப்புறமும் சிலர் போவார்கள். புதியவரோடு ஒரு மாதம் சேர்ந்து வேலை செய்துவிட்டுப் போகும்படி கேளுங்கள். களக் குறிப்பேடு லாபிலேயே இருக்கட்டும், போட்டோப் பிரதியை அவர் கொண்டுபோகட்டும்.