சாம்பாரில் பருப்பு எங்கே? முதியவர்களின் புரதமும் தசையும்: கேள்வி பதில்

கேள்வி (மதுரை): அம்மாவுக்கு 72 வயது, எடை 50 கிலோ. சுத்த சைவம். காலையில் மூன்று இட்லி, மதியம் சாதம், சாம்பார், மோர், ராத்திரி இரண்டு தோசை. நன்றாகத்தான் சாப்பிடுகிறார். ஆனாலும் கால் குச்சியாகிக்கொண்டே போகிறதே?

பதில்: வயிறு நிறைகிறது, புரதம் சேரவில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-இலேயே ஒரு சர்வதேச நிபுணர் குழு சொல்லிவிட்டது. வயதான தசைக்குப் புரதம் உள்ளே வந்தாலும் சட்டென்று உறைக்காது, அதனால்தான் கூடுதல் அளவு. உங்கள் அம்மாவுக்கு அது 50 முதல் 60 கிராம்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம், ஒரு தோசையில் 3 கிராம். சாம்பாரைத்தான் எல்லோரும் நம்புகிறோம். 100 கிராம் துவரம்பருப்பில் 20 கிராம் சொச்சம் புரதம். அதை நான்கு பேருக்குக் கரைத்தால் ஆளுக்கு 5 கிராம். அதிலும் பருப்பு அடியில் தங்கிவிட, பெரியவர்கள் மேலாக இருக்கும் தெளிவை ஊற்றிக்கொள்வார்கள்! காபிப் பாலையும் சேர்த்து நாள் முழுக்க 35 கிராம் வந்தாலே பெரிது.

வாரத்தில் நாலு நாள் இட்லிக்குப் பதில் அடையோ பெசரட்டோ போடுங்கள். தேங்காய்ச் சட்னி இருந்த இடத்தில் நிலக்கடலைச் சட்னி வைக்கலாம். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தால் 8 கிராம். 25 கிராம் மீல்மேக்கரைக் குழம்பில் போட்டால் 12 கிராம். ராத்திரி ஒரு டம்ளர் பால், 6 கிராம். எல்லாவற்றையும் மதியமே திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, கிரியேட்டினின் 1.4. முட்டை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. சிறுநீரகம் மிகவும் பழுதாகி, இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் எண்) 30-க்குக் கீழே போய், டயாலிசிஸ் செய்யாதவர்கள் புரதத்தைக் குறைத்தாக வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கோ நேர்மாறாகக் கூடுதலாக வேண்டும். கிரியேட்டினினை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வெளியேற்றும். தசை கரைந்துபோன முதியவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அந்த எண் நல்லபிள்ளை போலக் காட்டும். ரிப்போர்ட்டில் உள்ள இ.ஜி.எஃப்.ஆரை டாக்டரிடம் காட்டி, எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குங்கள். அதுவரை நீங்களாக முட்டையை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

கேள்வி (ஷார்ஜா): ஊரில் இருக்கும் மாமியாருக்குப் புரோட்டீன் பவுடர் அனுப்பலாமா? வயது 81.

பதில்: அனுப்பலாம், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு. சத்துமாவு என்ற பெயரில் சர்க்கரையை விற்கும் டப்பாக்கள் ஏராளம். ஆனால் பவுடர் மட்டும் போதாது. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 87, நூறு பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 1994-இல் வெளியிட்டார்கள். பத்து வாரம் எடை தூக்கிக் காலுக்குப் பயிற்சி செய்தவர்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் இல்லை. பவுடர் அனுப்பும் காசில் ஒரு பிசியோதெரபிஸ்டை மாதத்துக்கு நாலு முறை வரச் சொன்னால் இன்னும் நல்லது என்பேன்.

கேள்வி (சென்னை): எனக்கு 69. தினமும் பீச்சில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். போதாதா?

பதில்: இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது ஐயா, விடாதீர்கள். தொடைத் தசைக்கு அது போதாது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைப் பலம் குறைந்திருக்கலாம் என்று சந்தேகிக்கச் சொல்கிறது ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை. பரிசோதனையே பயிற்சியும்தான். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, பத்துப் பத்தாக இரண்டு மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். சுலபமானதும் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு எழுந்த காலத்தில் இது தானாகவே நடந்தது. சோபா வந்து அதைக் கெடுத்துவிட்டது.

கேள்வி (திருச்சி): டெங்கு வந்து பத்து நாள் படுக்கையில் இருந்த அத்தை இப்போது எழுந்து நிற்கவே தடுமாறுகிறார். கஞ்சிதான் கொடுக்கிறோம்.

பதில்: நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்தது. அத்தைக்குக் காய்ச்சலும் சேர்ந்திருக்கிறது. வெறும் கஞ்சியை இன்றோடு நிறுத்துங்கள். பாசிப்பருப்பைக் குழைத்துப் போடுங்கள். அசைவம் என்றால் அவித்த முட்டை, சுறாப்புட்டு. பல் இல்லாவிட்டாலும் இறங்கும். உடம்பு தேறும்வரை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் தேவை, சிறுநீரகம் சரியாக இருந்தால். உட்காரவைத்தே சாப்பாடு கொடுங்கள். நாளை முதல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, உங்கள் கையைப் பிடித்து எழட்டும், வேளைக்கு ஐந்து முறை. எழும்போது தலை சுற்றினால் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.