அடகில் இருக்கும் நகை நம் சொத்துக் கணக்கில் வருமா?

வரும். மன்னார்குடி பக்கம் 3 மா நிலம் (ஏறத்தாழ ஒரு ஏக்கர்), கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த 5 பவுன், டிராக்டர் கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் போட்டுக் கூட்டி, கடன்களைக் கழியுங்கள். 24 லட்சத்துக்குச் சொத்து, 9 லட்சம் கடன் என்றால் நிகர மதிப்பு 15 லட்சம்.

நகையில்தான் பலர் தடுமாறுவார்கள். 5 பவுன், அதாவது 40 கிராமின் முழு மதிப்பும் சொத்துப் பக்கம். அடகு வைத்து வாங்கிய கடன் தொகையும் இன்றுவரை ஏறிய வட்டியும் கடன் பக்கம். செய்கூலி, சேதாரம் போனது போனதுதான். நிலத்துக்கு, பத்திரப்பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை நம்பாமல், பக்கத்து வயல் என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எத்தனை தலைமுறை உழுதிருந்தாலும் சேர்க்கக் கூடாது. வயலில் நிற்கும் சம்பாவையும் நான் சேர்க்கமாட்டேன். ஐப்பசி மழை இன்னும் பாக்கியிருக்கிறதே!