வாசகர் கேள்வி: பட்டுப்போன காட்டுக்குப் போகலாமா?

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் எங்கள் மகன், கோடையில் ஹார்ஸ் மலைப்பகுதிக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்கிறான். அங்கே மரங்கள் பெருமளவில் பட்டுப்போய்விட்டனவாமே? அறுபதைக் கடந்த எங்களால் அங்கு நடக்க முடியுமா?

பதில்: மரங்கள் பட்டுப்போனது உண்மைதான், அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. 2018இல் தொடங்கிய கடும் வறட்சியில் வலுவிழந்த ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களைப் பட்டை வண்டுகள் தின்று தீர்த்ததால், பல மலைச்சரிவுகள் இன்று சாம்பல் நிறமாக நிற்கின்றன. வெள்ளி, ஈயச் சுரங்கங்களுக்கு மரம் தேவைப்பட்ட காலத்தில், அகன்ற இலை கொண்ட பீச் மரங்கள் வளரவேண்டிய இடங்களிலும் விரைவில் வளரும் ஸ்புரூஸையே வரிசை வரிசையாக நட்டுவைத்ததும் இந்த அழிவுக்கு ஒரு காரணம். தேசியப் பூங்காவின் பெரும்பகுதியில் பட்ட மரங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். அவற்றினடியில் பிர்ச், ரோவன் ஆகிய அகன்ற இலை மரங்களின் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. ஒரு காடு இனம் மாறுவதைக் கண்ணெதிரே காணும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதன்று. ஆகவே பசுமை குறைந்திருப்பதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை. காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் அப்பக்கம் செல்லாதீர்கள், காய்ந்த மரங்கள் முறிந்து விழக்கூடும்.

நடப்பதற்கு, கிளவுஸ்தால்-செல்லர்ஃபெல்ட் ஊரைச் சுற்றியுள்ள பழைய நீர் வாய்க்கால்களின் கரைகளையே பரிந்துரைப்பேன். சுரங்கங்களின் சக்கரங்களைச் சுழற்றுவதற்காக, பெரும்பாலும் 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை, மலைச்சரிவை ஒட்டி மிகக் குறைந்த வாட்டத்தில் வெட்டப்பட்டவை அவை. அதனால் கரைப்பாதை பல இடங்களில் ஏறக்குறையச் சமதளமாகவே செல்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஏற்றது. வழியில் வரும் ஏரிகளும் அதே அமைப்பைச் சேர்ந்தவையே. இவை அனைத்தும் 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஹார்ஸின் மிக உயர்ந்த இடமான புரோக்கன் சிகரத்துக்கு ஏற நடக்கவே தேவையில்லை. வெர்னிகெரோடே ஊரிலிருந்து மீட்டர் கேஜ் பாதையில் நீராவி ரயில் உச்சி வரை செல்கிறது. கிழக்கு ஜெர்மனியின் எல்லைக் காவல் பகுதியாக இருந்த இச்சிகரம், 1961 முதல் 1989 டிசம்பர் வரை பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. 1,141 மீட்டர்தானே, ஏற்காட்டைவிடத் தாழ்வுதானே என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டில் சுமார் 300 நாட்கள் மூடுபனி சூழும் இடம் அது. கோடையிலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: அங்கே லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனையைக் காண முடியுமா?

பதில்: 2000ஆம் ஆண்டு முதல் காட்டில் விடப்பட்ட லின்க்ஸ்கள் பெருகியிருந்தாலும், நடந்து செல்பவர் கண்ணில் அவை படுவது மிக அரிது. பாட் ஹார்ஸ்புர்க் அருகே ராபென்கிளிப்பேயில் வேலியிட்டு வளர்க்கப்படுபவற்றைப் பார்க்கலாம்.