வாசகர் கேள்வி–பதில்: முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ தேவையா?

இணையதள முகவரிக்கு முன்னால் வரும் மூன்று டபிள்யூ பற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம். எக்ஸாம்பிள்.காம் போல முன்னொட்டு இல்லாத வடிவத்தை ‘வெறும் பெயர்’ என்று குறிப்பிடுகிறோம்.

கேள்வி: சொந்தமாக டொமைன் வாங்கிவிட்டேன். தளத்தை மூன்று டபிள்யூவோடு வைப்பதா, இல்லாமல் வைப்பதா? அது பழைய வழக்கம், இப்போது யாரும் போடுவதில்லை என்கிறார் தளம் வடிவமைப்பவர்.

பதில்: பழைய வழக்கம் என்பது சரி. யாரும் போடுவதில்லை என்பது தவறு. கூகுள், யூடியூப், அமேசான் மூன்றும் இன்றும் டபிள்யூவோடுதான் திறக்கின்றன. கிட்ஹப் வெறும் பெயரில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பெரிய தளங்கள் உண்டு.

வலை தொடங்கிய காலத்தில் ஒரு நிறுவனத்தின் டொமைனுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கணினி இருக்கும். கோப்பு கொடுக்கும் கணினிக்கு எஃப்டிபி, அஞ்சலைப் பார்த்துக்கொள்வதற்கு மெயில் என்று பெயர் வைத்தார்கள். வலைப்பக்கம் கொடுக்கும் கணினிக்கு மூன்று டபிள்யூ. எந்த விதியும் இதைக் கட்டாயமாக்கவில்லை. டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வகத்தில் இயக்கிய முதல் வலை சர்வரே இன்ஃபோ.செர்ன்.சிஎச் என்ற முகவரியில்தான் இருந்தது.

ஆனால் பெயரை ஐபி முகவரியாக (கணினியின் எண் முகவரி) மாற்றித் தரும் டிஎன்எஸ் கணக்கில் வெறும் பெயரும் டபிள்யூ போட்ட பெயரும் தனித்தனிப் பெயர்கள். ஒன்றுக்கு ரெக்கார்டு (டிஎன்எஸ் பதிவு) எழுதினால் மற்றது தானாக வராது. அதனால் எது அழகு என்று யோசிப்பதற்கு முன், இரண்டையும் திறக்கச் செய்யுங்கள். பிறகு ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதை அதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். இரண்டு பெயரிலும் ஒரே தளத்தைத் தனித்தனியாகக் காட்டுவதுதான் கெடுதல்.

எதை முதன்மையாக்குவது? மாறாத ஐபி முகவரியுள்ள ஒரே சர்வரில் ஒரு சிறு தளம், அவ்வளவுதான் என்றால் வெறும் பெயரே போதும். சிடிஎன் (பல இடங்களிலுள்ள சர்வர்களிலிருந்து தளத்தைத் தரும் சேவை), வாடகை மேடை, நாளைக்கு நான்கைந்து சப்டொமைன் (டொமைனுக்கு முன்னால் சேரும் உட்பெயர்) என்று போகும் வாய்ப்பு இருந்தால் மூன்று டபிள்யூவை வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தாலும் அதையே வையுங்கள் என்பது எங்கள் கட்சி. காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: ஹோஸ்டிங் நிறுவனம் சி-நேம் ரெக்கார்டு போடச் சொன்னது. மூன்று டபிள்யூவுக்குப் போட்டால் ஏற்கிறது, வெறும் பெயருக்குப் போட்டால் பிழை காட்டுகிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் பக்கம் தவறில்லை. சி-நேம் என்பது “என்னைப் பற்றி எதைக் கேட்டாலும் அந்தப் பெயரிடம் போய்க் கேள்” என்று சொல்லும் ரெக்கார்டு. அதனால் ஒரு பெயருக்குச் சி-நேம் இருந்தால் அதே பெயருக்கு வேறு ரெக்கார்டு இருக்கக்கூடாது. இது டிஎன்எஸ்-இன் 1987 வரையறையிலேயே உள்ள கட்டுப்பாடு. வெறும் பெயரிலோ டொமைனின் நிர்வாக விவரத்தையும் பெயர் சர்வர்களையும் சொல்லும் எஸ்ஓஏ, என்எஸ் என்ற இரண்டு ரெக்கார்டுகள் கட்டாயம் இருந்தாக வேண்டும். மின்னஞ்சல் வைத்திருந்தால், அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும் அங்கேதான் இருக்கும். அதனால் சி-நேமுக்கு அங்கே இடமில்லை.

உங்கள் கட்டுப்பாட்டுப் பலகை பிழை காட்டி நிறுத்தியது நல்லதாயிற்று. சில பலகைகள் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். தளம் திறக்கும், எல்லாம் சரியென்று விட்டுவிடுவீர்கள். அஞ்சல் அனுப்பும் சர்வர் உங்கள் எம்எக்ஸ் எதுவென்று கேட்கும்போது சி-நேமைப் பின்பற்றி ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயருக்குப் போய்விடும். சில கடிதங்கள் வரும், சில திரும்பிப் போகும். யாராவது புகார் சொல்லும்வரை தெரியாது.

வழிகள் மூன்று. முதலாவது, மூன்று டபிள்யூவுக்குச் சி-நேம், வெறும் பெயருக்கு நிறுவனம் தரும் ஐபி முகவரிகளை ஏ ரெக்கார்டாக (பெயருக்கு நேராக ஐபி முகவரியைச் சொல்லும் ரெக்கார்டு) எழுதுவது. கிட்ஹப் பேஜஸில் அந்த முகவரிகள் நான்கு: 185.199.108.153 தொடங்கி, மூன்றாம் எண் 109, 110, 111 என மாறும். பிளாகரில் 216.239.32.21, பிறகு அதே மூன்றாம் எண் 34, 36, 38. பிளாகரில் வெறும் பெயரை முதன்மையாக வைக்கவே முடியாது. டபிள்யூவோடு பதிவு செய்துவிட்டு, டொமைனைத் திருப்பிவிடும் பொத்தானை இயக்க வேண்டும். நான்கையும் எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதினால், அந்த ஒன்று படுக்கும் நாளில் வெறும் பெயரும் படுத்துவிடும்.

இரண்டாவது, டிஎன்எஸ் நிறுவனமே சி-நேமை உள்ளுக்குள் பின்பற்றி, கிடைக்கும் ஐபி முகவரியை ஏ ரெக்கார்டு போலத் தருவது. ஏலியஸ், ஏநேம், சி-நேம் ஃப்ளாட்டனிங் என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இது பொதுத் தரம் அல்ல. டிஎன்எஸ்-ஐ வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் கூடவே வராது. இன்னொன்று, அந்தத் தேடலைச் செய்வது டிஎன்எஸ் நிறுவனத்தின் கணினி. சிடிஎன் அதற்கு அருகிலுள்ள சர்வரைக் காட்டிவிட்டால், உங்கள் வாசகருக்குத் தூரத்துச் சர்வர் வாய்க்கும்.

மூன்றாவது, எச்டிடிபிஎஸ் என்றே பெயருள்ள புதிய வகை ரெக்கார்டு. 2023-இல் தரமாக வெளியானது. வெறும் பெயரிலும் வேறு பெயரைக் காட்ட அனுமதிக்கிறது. எல்லாப் பிரவுசரும் அந்த வசதியைப் படிக்கும் என்று நம்ப முடியாது. இப்போதைக்கு ஏ ரெக்கார்டுக்குத் துணையாக வைக்கலாம், அதற்குப் பதிலாக வேண்டாம்.

கேள்வி: டபிள்யூ போட்டால் தளம் திறக்கிறது. இல்லாமல் போட்டால் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் மிரட்டுகிறது. அந்த முகவரியைத் திருப்பிவிட்டுத்தானே வைத்திருக்கிறேன்?

பதில்: திருப்பிவிடும் பதில் வருவதற்கு முன்பே, தளத்தின் பெயரை உறுதிசெய்யும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் சரிபார்க்கப்படுகிறது. சான்றிதழில் வெறும் பெயர் இல்லையென்றால் பிரவுசர் அங்கேயே நின்றுவிடும். உங்கள் 301 (நிரந்தரமாகத் திருப்புவதைச் சொல்லும் எண்) அதன் காதில் விழவே விழாது. இரண்டு பெயரையும் ஒரே சான்றிதழில் சேருங்கள். சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் கருவியைப் பயன்படுத்தினால் சிறிய டி விருப்பத்தை இரண்டு முறை கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை எழுத வேண்டும். நட்சத்திரக்குறி போட்ட சான்றிதழ் எல்லாவற்றையும் மூடும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது சப்டொமைன்களை, அதுவும் ஒரு படி மட்டுமே மூடும். வெறும் பெயரைத் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: வேர்ட்பிரஸ் தளம். மூன்று டபிள்யூவை நீக்க சர்வரில் திருப்பல் எழுதினேன். இப்போது அளவுக்கு மீறித் திருப்பிவிடப்பட்டது என்ற பிழை. நிர்வாகப் பக்கமும் திறக்கவில்லை.

பதில்: இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் தள்ளுகிறார்கள். சர்வர், டபிள்யூ உள்ளதை வெறும் பெயருக்கு அனுப்புகிறது. வேர்ட்பிரஸ் தன் அமைப்பில் டபிள்யூவோடு முகவரியைப் பதிந்து வைத்திருப்பதால் அதைத் திரும்ப அங்கேயே அனுப்புகிறது. குரோம் 20 முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கைவிடும்.

நிர்வாகப் பக்கம் திறக்காததால் கோப்பு வழியாகப் போங்கள். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில், “இதற்குமேல் திருத்த வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் உள்ள வரிக்கு மேலே, டபிள்யூபி ஹோம், டபிள்யூபி சைட்யுஆர்எல் என்ற இரண்டு மாறிலிகளுக்கும் வெறும் பெயரை, எச்டிடிபிஎஸ்-உடன் எழுதுங்கள். தளம் வந்துவிடும். கட்டுரைகளுக்குள் புதைந்திருக்கும் பழைய முகவரிகளை மாற்ற, தரவுத்தளத்தில் நேரடியாகத் தேடி மாற்றாதீர்கள். விட்ஜெட், தீம் அமைப்புகள் எழுத்து எண்ணிக்கையோடு சேமிக்கப்பட்டவை. முகவரியில் நான்கு எழுத்து குறைந்தால் எண்ணிக்கை பொய்யாகி, அந்த அமைப்பே காணாமல் போகும். வேர்ட்பிரஸைக் கட்டளைவரியில் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி-மாற்று கட்டளை அந்த எண்ணிக்கையையும் திருத்தும். முதலில் ஒத்திகை விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள்.

சரிசெய்த பிறகும் உங்கள் பிரவுசரில் மட்டும் பழைய பிழையே வரலாம். 301 நிரந்தரம் என்பதால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். கட்டளைவரியிலிருந்து தளத்தைக் கேட்கும் கர்ல் கட்டளையில் சிறு கோடும் பெரிய ஐ எழுத்தும் போட்டுச் சோதியுங்கள். பதிலின் தலைப்பு வரிகள் மட்டும் வரும், எங்கே திருப்புகிறது என்பது லொகேஷன் வரியில் இருக்கும். புதிதாகத் திருப்பல் எழுதும்போது முதல் நாள் 302 (தற்காலிகத் திருப்பல்) வைத்துவிட்டு, சரியென்று தெரிந்ததும் 301 ஆக்குவது நல்ல பழக்கம்.

முகப்பை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருளில் திருப்பும் வரியின் கடைசியில் டாலர் குறியோடு வரும் ரெக்வெஸ்ட் யுஆர்ஐ மாறியை விட்டுவிட்டால், எந்த உள்பக்கத்தின் பழைய இணைப்பைத் தொட்டாலும் முகப்புக்கே கொண்டுவந்து விடும். கேள்விக்குறியோடு முடியும் ஒரு நீண்ட உள்பக்க முகவரியைப் போட்டுப் பாருங்கள். அது முழுதாக மறுபக்கம் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: சிலருக்கு மட்டும் லாகின் நிற்பதில்லை. கடவுச்சொல் கொடுத்ததும் மறுபடி காலியான லாகின் பக்கமே வருகிறது. பக்கத்தில் உள்ள ஐகான்களும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

பதில்: இரண்டும் ஒரே நோய். பக்கம் ஒரு பெயரில் திறக்கிறது, உள்ளே எழுதிய முகவரிகள் இன்னொரு பெயரைச் சொல்கின்றன.

படிவம் வெறும் பெயருக்குக் கடவுச்சொல்லை அனுப்புகிறது. சர்வர் 301 சொல்லி டபிள்யூவுக்குத் திருப்புகிறது. 301 வந்ததும் பிரவுசர்கள் தகவல் அனுப்பும் போஸ்ட் கோரிக்கையை, பக்கம் மட்டும் கேட்கும் கெட் ஆக மாற்றி, கொண்டுவந்த தகவலைக் கீழே போட்டுவிடுகின்றன. அதனால்தான் காலிப் படிவம். 308 என்ற எண்ணில் திருப்பினால் தகவல் அப்படியே போகும். அதைவிட, படிவத்தில் டொமைனே எழுதாமல் சாய்கோட்டில் தொடங்கும் உள்முகவரியாக எழுதுவது மேல்.

ஐகான்கள் எழுத்துருவாக வருபவை. வேறு பெயரிலிருந்து படம் எடுக்கப் பிரவுசர் தடை சொல்லாது. எழுத்துரு எடுக்க அந்த சர்வர் சிஓஆர்எஸ் (வேறு பெயரிலுள்ள தளம் எடுத்துக்கொள்ளலாமா என்று சொல்லும்) தலைப்பில் அனுமதி தர வேண்டும். படங்கள் தெரிந்து ஐகான்கள் மட்டும் தெரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

லாகினை நினைவில் வைக்கப் பிரவுசர் சேமிக்கும் குக்கீயிலும் கவனம் வேண்டும். டொமைன் பண்பு எழுதாமல் வைத்த குக்கீ, வைத்த பெயருக்கு மட்டுமே போகும். எழுதினால் எல்லா சப்டொமைனுக்கும் போகும்; வெளியார் நடத்தும் ஒரு சப்டொமைன் இருந்தால் உங்கள் லாகின் குக்கீ அங்கேயும் போகும். வெறும் பெயரில் வைத்த குக்கீ எப்போதுமே எல்லா இடத்துக்கும் கசியும் என்ற பேச்சு பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் நடத்தையால் வந்தது. இன்றைய பிரவுசர்களில் டொமைன் பண்பை எழுதாமல் விட்டாலே போதும். கூகுள் கணக்கு வழியாக லாகின் வைத்திருந்தால், அங்கே பதிந்த திரும்பும் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: தேடலில் எது முன்னால் வரும்?

பதில்: இரண்டுக்கும் வேறுபாடில்லை. திருப்பல், எது முதன்மை முகவரி என்று பக்கத்துக்குள் சொல்லும் கனானிகல் குறி, தள வரைபடம் மூன்றும் ஒரே வடிவத்தைச் சொன்னால் போதும். கூகுளின் சர்ச் கன்சோலில் முன்பு விருப்ப வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது, 2019-இல் எடுத்துவிட்டார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: குரோம் மூன்று டபிள்யூவைக் காட்டுவதே இல்லை. பிறகு எதற்கு இந்தக் கவலை?

பதில்: முகவரிப் பட்டியில் மறைக்கிறது, அவ்வளவுதான். 2018-இல் 69-ஆம் பதிப்பில் மறைத்தபோது எதிர்ப்பு வந்து திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு 76-ஆம் பதிப்பில் மறுபடி கொண்டுவந்தார்கள். கணினியில் முகவரிப் பட்டியில் வலது பொத்தானை அழுத்தி, முழு முகவரியை எப்போதும் காட்டும் விருப்பத்தை இயக்கிவிடுங்கள். தளம் பராமரிப்பவருக்கு அது அவசியம்.

கேள்வி: பல வருடமாக டபிள்யூவோடு இருக்கும் தளத்தை வெறும் பெயருக்கு மாற்ற விரும்புகிறேன். எந்த வரிசையில் செய்வது?

பதில்: பார்க்க நன்றாக இருக்கிறது என்பது மட்டும் காரணமென்றால் விட்டுவிடுங்கள். வேறு தேவை இருந்தால், முதலில் டிஎன்எஸ் ரெக்கார்டுகளின் டிடிஎல் மதிப்பை (பதிலை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பது) பாருங்கள். 86400 என்றிருந்தால் ஒரு நாள் முழுக்கப் பழைய பதில் உலவும். 300 ஆகக் குறைத்துவிட்டு ஒரு நாள் காத்திருங்கள். பிறகு வெறும் பெயருக்கு ஏ ரெக்கார்டும், ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் நான்கு ஏ போட்ட ரெக்கார்டும். இரண்டு பெயரும் உள்ள சான்றிதழ் அடுத்து. தளத்தின் உள் அமைப்பில் முகவரியை மாற்றிய கையோடு சர்வரின் திருப்பலைத் தலைகீழாக்குங்கள். இடையில் நேரம் விட்டால் மேலே சொன்ன சுழல்தான்.

எச்டிடிபிஎஸ்-இல் மட்டுமே திற என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் தலைப்பில் சப்டொமைன்களையும் சேர்க்கும் சொல் இருந்தால் வெறும் பெயருக்கு மாறும் நாளில் அதன் வீச்சு கூடிவிடும். முன்பு மூன்று டபிள்யூவுக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் கட்டியது, இப்போது டொமைனின் எல்லா சப்டொமைன்களையும் கட்டும். சான்றிதழ் இல்லாமல் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் பழைய சப்டொமைன் ஒன்று அன்றே திறக்காமல் போகும். எச்டிடிபிஎஸ்-இல் மட்டுமே திறக்க வேண்டிய தளங்களுக்காகப் பிரவுசர்கள் முன்கூட்டியே வைத்திருக்கும் பட்டியலில் சேர விரும்புபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எச்டிடிபி வெறும் பெயர், முதலில் அதே பெயரின் எச்டிடிபிஎஸ்-க்குத்தான் போக வேண்டும், நேராக டபிள்யூவுக்குத் தாவினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

பழைய திருப்பலை ஒரு வருடம் கழித்து எடுத்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. அச்சிட்ட அட்டைகளிலும் மற்றவர்கள் கொடுத்த இணைப்புகளிலும் பழைய முகவரி இருந்துகொண்டே இருக்கும். டொமைன் உங்களிடம் இருக்கும்வரை அந்த ஒரு வரியும், சான்றிதழில் அந்தப் பெயரும் இருக்கட்டும்.