பார்த்தேன், ஆனால் சைக்கிள் தெரியவில்லை

கேள்வி: செங்கோட்டைக்கு மேற்கே, புளியரை போகும் மெயின் ரோட்டுக்கு வடபுறத் தெருவில் வீடு. தினமும் காலையில் காரில் புனலூருக்கு வேலைக்குப் போகிறேன். சென்ற மாதம் தெருமுனையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வலது பக்கம் திரும்பினேன். ரோடு காலி. அடுத்த நொடி பானட்டுக்கு முன்னால் சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பெண்! பிரேக் பிடித்துவிட்டதால் இடிக்கவில்லை. அவள் பயந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். கண்ணைச் சோதித்தால் 6/6 என்கிறார்கள். பிறகு எப்படித் தெரியாமல் போனது? எதிர்ச்சுவரில் உருண்டைக் கண்ணாடி ஒன்று வைத்தால் சரியாகுமா?

பதில்: கண்ணைக் குறை சொல்ல வேண்டாம். 6/6 என்பது, நேராக ஒரு எழுத்தை உற்றுப் பார்க்கும்போது அது தெரிகிறதா என்ற கணக்கு மட்டும். ரோட்டில் நாம் எதையும் அப்படி உற்றுப் பார்ப்பதில்லை. விபத்துகளை ஆராய்கிறவர்கள் இதைத் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள்: ஓட்டுநர் அந்தத் திசையில் பார்த்திருப்பார், ஆனால் கண்டிருக்க மாட்டார். பொய் சொல்கிறார் என்று பலர் நினைப்பதுண்டு. பெரும்பாலும் அவர் சொல்வது உண்மைதான்.

முதல் காரணம், நீங்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. "வண்டி வருதா?" என்று பார்த்திருப்பீர்கள். அந்த ரோட்டில் வண்டி என்றால் மனதில் என்ன வரும்? ஆனவண்டி என்கிற கேரள அரசு பஸ், வைக்கோல் பாரம், ஜல்லி லாரி, தென்காசிக்கு விரட்டும் கார். அகலமானது, உயரமானது, வேகமானது. எதிரே வரும் சைக்கிளோ ஹேண்டில்பார் அகலத்துக்கு இரண்டடி, மேலே ஒரு சின்ன உருவம், விளக்கு கிடையாது. தேடிய உருவத்தோடு அது பொருந்தாததால் மனம் அதை மரம், கம்பம், சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. "காலி" என்ற பதில் உங்கள் கேள்விக்குச் சரியான பதில்தான். கேள்விதான் தப்பு.

இது ஊகம் இல்லை. 1999-ல் ஹார்வர்டில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இருவர் ஒரு சின்ன வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேஷத்தில் ஒருவர் வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. 2007-ல் மோஸ்ட், அஸ்டர் என்ற ஆய்வாளர்கள் இதையே, திரையில் ரோடு ஓடும் போலிக் காரின் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துச் சோதித்தார்கள். ஓட்டுநர்கள் சந்திப்புதோறும் மஞ்சள் அம்பையோ நீல அம்பையோ தேடித் திரும்ப வேண்டும். கடைசியில் திடீரென ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்து நிற்கும். அது தேடிக்கொண்டிருந்த நிறத்தில் இருந்தால் பெரும்பாலோர் தப்பித்தார்கள். வேறு நிறத்தில் இருந்தபோது மோதியவர்கள் பல மடங்கு அதிகம். எதைத் தேடுகிறோமோ அதற்குத்தான் கண் திறக்கிறது.

இரண்டாவது காரணம், கண் ஓடும் விதம். வலது கையை முழுக்க நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம்தான், சுமார் 2 டிகிரி, கண்ணுக்கு நுணுக்கமாகத் தெரியும் இடம். சுற்றியுள்ளதெல்லாம் மங்கல், மங்கல் என்று தெரியாதபடி மூளை பூசி மெழுகிவிடுகிறது. தலையை வேகமாக இடமும் வலமும் திருப்பினால் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. தாவும் நேரத்தில் மூளை படத்தை அணைத்துவிடும். நம்பிக்கை இல்லையா? கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். "இரண்டு பக்கமும் பார்த்தேன்" என்ற அரை நொடித் திருப்பலில், நகத்தளவு இடங்கள் இரண்டு மூன்றுதான் கிடைத்திருக்கும். சைக்கிள் அவற்றுக்கு இடையில் இருந்திருக்கலாம்.

மூன்றாவது, கார். முன்கண்ணாடியின் வலது ஓரத்தில் கூரையைத் தாங்குகிற தூண் இருக்கிறதே, மெக்கானிக்குகள் ஏ பில்லர் என்பார்களே, அது. கூரைக்குப் பலம் வேண்டும், உள்ளே ஏர்பேக் வேண்டும் என்று புதிய கார்களில் அது தடித்துவிட்டது. கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டரில் 10 சென்டிமீட்டர் அகலத் தூண் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தள்ளி அது ஒரு கண்ணுக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டரை மறைக்கும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தாலும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் மறையும். சைக்கிளில் ஒரு பெண் எதிர்முகமாக வந்தால் அந்த ஒரு மீட்டரே போதும்.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. இரண்டு வண்டிகள் ஒரே புள்ளிக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும்படி மாறாத வேகத்தில் போனால், ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது கண்ணாடியில் அதே இடத்திலேயே நிற்கும், நகராது. தெருவில் நீங்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் வர, மெயின் ரோட்டில் அவள் 15-ல் வந்தால், அவள் உங்கள் நேர்ப்பார்வைக்கு வலப்பக்கம் சுமார் 27 டிகிரியில் இருப்பாள். பல கார்களில் வலது தூண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. ஆக, மோதப் போகிற சைக்கிள்தான் கடைசி வரை தூணுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். மோதாமல் தாண்டிப் போகிற சைக்கிள் தூணைவிட்டு வெளியே வந்து கண்ணில் படும்.

உங்கள் காரில் எவ்வளவு மறைகிறது என்று அளந்தே பார்த்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் காரை நிறுத்தி, வழக்கமாக உட்காரும்படி சீட்டில் உட்காருங்கள். வீட்டில் யாரையாவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு 20 தப்படி தள்ளிக் குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். தூணுக்குப் பின்னால் மறைகிற இடத்திலும் வெளிவருகிற இடத்திலும் கோலமாவால் கோடு போடட்டும். இறங்கிப் போய் இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்று பார்த்தால் நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட நன்றாகப் புரியும். பிறகு சீட்டிலேயே இடுப்பை அசைத்து ஒரு சாண் முன்னால் சாய்ந்து பாருங்கள். மறைந்த சைக்கிள் வெளியே வரும். தலையைத் திருப்பினால் மட்டும் போதாது. தலை இடம் மாற வேண்டும்.

இனித் தெருமுனையில் செய்ய வேண்டியது. சக்கரம் முழுசாக நிற்கட்டும். ஊர்ந்துகொண்டே பார்ப்பதுதான் இந்தத் தப்பின் தாய். முதலில் வலது பக்கம், உங்களுக்கு மிக அருகே ரோட்டின் ஓரம், மண்ணும் தாரும் சேரும் இடம். அங்கே கண் ஒரு நொடி நிற்கட்டும். அடுத்து நடு தூரம், ஒரு நொடி. பிறகு தொலைவு. எல்லோரும் செய்வது தலைகீழ்: முதலில் தொலைவில் பஸ்ஸைத் தேடுவார்கள், அருகே பார்க்க நேரம் இருக்காது. விமானிகளுக்கும் ஆகாயத்தை 10 டிகிரி 10 டிகிரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நொடியாவது கண்ணை நிறுத்தித் தேடத்தான் சொல்லித் தருகிறார்கள். வலது முடிந்ததும் முன்னால் சாய்ந்து தூணைத் தாண்டிப் பாருங்கள். அப்புறம் இடது பக்கமும் அதே மாதிரி. காலை நேரத்தில் இடது பக்கம் கிழக்கு; வெயில் கண்ணில் அடிக்கும், அங்கே கூடுதலாக ஒரு நொடி கொடுங்கள். கடைசியாக மறுபடி வலது, அருகு ஓரம். மொத்தம் எட்டு நொடிக்கு மேல் ஆகாது. பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

கேள்வியையும் மாற்றிக்கொள்ளுங்கள். "வண்டி வருதா?" வேண்டாம்; "சைக்கிள் எங்கே?" என்று தேடுங்கள். சைக்கிளைத் தேடுகிற கண்ணிலிருந்து பஸ் தப்பாது. கண்டதும் வாய்விட்டே "சைக்கிள்" என்று சொல்லுங்கள். கிண்டல் இல்லை. 2019-ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது: சில ஓட்டுநர்கள் மோட்டார் சைக்கிளை நன்றாகவே பார்க்கிறார்கள், அடுத்த பக்கம் திரும்பிப் பார்ப்பதற்குள் மறந்துவிடுகிறார்கள். வாயால் சொன்னது ஞாபகத்தில் நிற்கும் என்பதால் அவர்களே இந்த வழியைச் சொன்னார்கள். பிரிட்டனில் போலீஸ் டிரைவர்களுக்கும், கண்ணில் படும் ஆபத்துகளை ஓட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டு போகும் பயிற்சி உண்டு. நாள் ஒன்றுக்கு ஐந்து நிமிடம், "இடது ஓரம் சைக்கிள், வேப்பமரத்தடியில் ஆடு, நிற்கிற ஆட்டோவில் ஆள் இறங்குவார்" என்று சொல்லிப் பாருங்கள். மூன்று வாரத்தில் பழகிவிடும். காரில் கூட யாராவது இருந்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத ஒன்று: இடது பக்கம் திரும்பும்போது இதைவிட மோசம். நமக்குக் குறுக்கே வரும் வாகனம் வலதிலிருந்துதான் வரும் என்பதால், வலது பக்கமே பார்த்துக்கொண்டு இடது பக்கம் வண்டியை விட்டுவிடுவோம். ஹெல்சிங்கியில் 1990-களில் இதைப் படம் பிடித்தே காட்டினார்கள். அங்கே வாகனங்கள் வலப்புறம் ஓடுகின்றன. வலது பக்கம் திரும்புகிறவர்கள் இடது பக்கமே பார்த்தார்கள், வலதிலிருந்து வந்த சைக்கிள்களைத் தவறவிட்டார்கள். நம்மூரில் ராங் சைடில் வரும் சைக்கிளுக்குப் பஞ்சமா? டிவைடர் இருந்தால் இன்னும் அதிகம். ராங் சைடில் வந்தது அவன் தப்பு என்று சொல்லலாம். எலும்புக்கு அது தெரியாது.

போனைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்று மட்டும். ப்ளூடூத்தில் பேசினால் பரவாயில்லை என்ற நம்பிக்கை தவறு. யூட்டா பல்கலைக்கழகத்தில் 2001-ல் சோதித்தபோது, போனைக் கையில் பிடித்துப் பேசியவரும் பிடிக்காமல் பேசியவரும் ஒரே அளவுக்குத்தான் சிக்னலைத் தவறவிட்டார்கள். கை அல்ல, கவனம்தான் பேச்சில் மாட்டுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடிக்கு 33 மீட்டர் போய்விடுவீர்கள்.

உங்கள் வழியில் இன்னும் சில இடங்கள். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறும்போது, வெட்ட வெளி வெயிலிலிருந்து சட்டென்று மர நிழலுக்குள் நுழைவீர்கள். கண் பழகச் சில நொடிகள் ஆகும். நிழலில் நடந்து வருபவர் அந்த நொடிகளில் இல்லாதவர் மாதிரிதான். கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் ஏற்றத்துக்கு முன்பே கழற்றிவிடுங்கள். சாரல் மாதங்களில் வைப்பரைக் குறை சொல்வோம், பாதி மங்கல் கண்ணாடியின் உட்புறத்தில் இருக்கும். ஈரத் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை, வாரம் ஒரு தடவை துடையுங்கள். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் ரயில் பாலத்தில் எல்லோர் கண்ணும் மேலே போகும். படம் எடுக்க ரோட்டோரம் நிற்கிறவர்கள் பின்னால் பார்க்காமல் கதவைத் திறப்பார்கள். நீங்கள் நிறுத்தினாலும் டிரைவர் பக்கக் கதவை இடது கையால் திறங்கள். உடம்பு தானாகவே வலப்பக்கம் திரும்பும், பின்னால் வருகிறவர் தெரிவார். கார்த்திகை பிறந்ததும் விடியற்காலையில் கறுப்பு வேட்டியில் நடக்கிற ஐயப்ப பக்தர்கள். மங்கல் விளக்கில் 25 மீட்டருக்கு முன்னால் அவர்கள் தெரிவது அதிர்ஷ்டம். 60-ல் போனால், கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒன்றரை நொடியில் அந்த 25 மீட்டரும் தீர்ந்துவிடும். 40-ல் போனால் 8 மீட்டராவது மிச்சம். டேஷ்போர்டுப் பிள்ளையார் இருக்கட்டும், நடுவில் தாழ்வாக. வலது தூணுக்குப் பக்கத்தில் போன் ஸ்டாண்டு மாட்டி, இருக்கிற மறைப்பை இரட்டிப்பாக்காதீர்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் பேசும் வாய்ப்பு இருந்தால் இதையும் சொல்லுங்கள். பிளஸ் ஒன்னில் கிடைக்கிற விலையில்லா சைக்கிளோ வேறெதுவோ, பெடல் தண்டிலும் சக்கரக் கம்பியிலும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினால் விலை சொற்பம். இருட்டில் முதுகில் ஒட்டிய பட்டையைவிடக் கணுக்காலில் கட்டிய பட்டை மேல். மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்ததும் அது மனிதன் என்று மூளைக்குச் சட்டென்று விளங்கும். ஆனால் ரிஃப்ளெக்டர் இரவுக்குத்தான். பகலில் கண்ணில் படப் பளீர் மஞ்சள், பளீர் ஆரஞ்சு துணிதான் உதவும். ஓட்டுவது ரோட்டு விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே இருக்கட்டும். ஓரத்தை ஒட்டினால் செடிக்கும் சுவருக்கும் நடுவே மறைந்துவிடுவாள். வளைவில் லாரியின் உள்பக்கம் நுழையவே கூடாது. முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்ளே ஒதுங்கி வரும்.

கடைசியாக அந்த உருண்டைக் கண்ணாடி. வைக்கலாம், பஸ் வருவது தெரியும். ஆனால் அதில் எல்லாம் சிறுத்து, தூரத்தில் இருப்பது போலத் தெரியும். 20 மீட்டரில் வரும் சைக்கிள் கடுகளவுக்குத்தான் இருக்கும். அதைப் பார்த்து வண்டியை எடுத்தால் பழைய கதைதான். அதற்குச் செலவழிப்பதைவிட, தெருமுனையின் வலது மூலையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். காரில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குள்தான் இருக்கிறது. அந்த மூலையில் வேலிச் செடி இருந்தால் இரண்டரை அடிக்கு மேல் வளரவிடாமல் வெட்டுங்கள். கல்யாண ஃபிளெக்ஸ் கட்டியிருந்தால், கட்டியவரிடம் சொல்லி நாலு கம்பம் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.